அளவுகோலின் மனைவி

என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசத்தின் ரத்தம்தான் இந்த நாட்டுக்கே எடைக்கல். யார் உடம்பில் எந்தப் புரதம் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று எந்த ஊர் லேபில் பார்த்தாலும், வாராவாரம் இவரிடம் உறிஞ்சிக்கொண்டு போகும் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். அப்பழுக்கில்லாத உடம்பு என்று இவரைத் தேர்ந்தெடுத்து, சால்வை போர்த்தி, ஊறுகாய்க்குத் தடை போட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாதம் இவர் கண்கள் மஞ்சளாயின. கால் வீங்கியது. ரசம் சோறுகூட இறங்கவில்லை. கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார். "ஒரு புரதம்கூட இம்மி பிசகலம்மா. இவ்வளவு ஆரோக்கியமான ஆளை நான் பார்த்ததே இல்லை."

"கண்ணைப் பாருங்க டாக்டர், மஞ்சளா இருக்கு."

"கண்ணைப் பார்த்து வைத்தியம் பண்றதெல்லாம் அந்தக் காலம்மா."

"யார் ரத்தத்தோட ஒப்பிட்டீங்க?"

"தேசிய அளவுகோலோட."

"அந்த அளவுகோலே இந்த மனுஷன்தானய்யா!"

டாக்டர் துள்ளி எழுந்து இவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். "வந்தது வந்தீங்க, உங்களுக்கும் பார்த்திடலாம்" என்று என் ரத்தத்தையும் எடுத்தார். ரிப்போர்ட் வந்ததும் முகம் சுருங்கியது. "உங்களுக்குத்தான்மா கல்லீரல் மோசம். அவர் அளவுக்கு நீங்க ஏணி வச்சாலும் எட்டாது." கைநிறைய மாத்திரை கொடுத்தார்.

ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினேன். இன்று காலை கண்ணாடியில் பார்த்தால் என் கண்ணும் மஞ்சள். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கண்ணும் மஞ்சள்.

டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம்மா! அப்படியே உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆயிட்டு வர்றீங்க."