தாதரில் நின்றவள்

எட்டு ஐந்து லோக்கலில், மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலோரத்தில், வழக்கம்போல கரீம் பாட்சா இடம் பிடித்து வைத்திருந்தார்.

கல்யாணில் இடம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. பம்பாய் வி.டி.யிலிருந்து வருகிற வண்டிதான் கல்யாணில் திரும்பி வி.டி.க்குப் போகும். விவரம் தெரிந்தவர்கள் முந்தின ஸ்டேஷனிலேயே எதிர்த்திசையில் ஏறி, கல்யாணில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். கரீம் பாட்சா குடியிருப்பது தாக்குர்லியில். அதுதான் முந்தின ஸ்டேஷன்.

மூன்று வருஷமாக ஜம்புநாதனுக்கு அந்த இடம் அவர் உபயம்.

அந்த இடம் இல்லையென்றால் நாவலும் இல்லை. அறுபத்தொன்றில் தொடங்கிய நாவல். வீடோ ஒற்றை அறை, ஆறு பேர். மாட்டுங்கா ஆபீஸில் சூப்பரிண்டெண்டுக்கு முதுகிலும் கண். கல்யாணுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் உள்ள ஒரு மணி நேரம்தான் ஜம்புநாதனுக்கென்று சொந்தம்.

மடியில் டிபன் டப்பா, அதன்மேல் நோட்டு, நோட்டின்மேல் குனிந்த தலை. அந்தத் தலை மாட்டுங்கா வந்தால்தான் நிமிரும்.

பதினெட்டு அத்தியாயம் அப்படி ஓடியது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது.

கதாநாயகி பேராச்சி, தாராவியில் இருக்கிற புருஷனைத் தேடித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மெட்ராஸ் மெயிலில் தாதரில் இறங்கினாள். புருஷன் வரவில்லை. கையில் விலாசம் இல்லை, வாயில் இந்தி இல்லை. யாராவது வந்து அவளைக் கூட்டிப் போனால்தான் கதை நகரும்.

யார் வருவது? அண்ணனை ஐந்தாம் அத்தியாயத்திலேயே ஊரில் விட்டாயிற்று. போலீஸ்காரன் வந்தால் சினிமா ஆகிவிடும். யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

மூன்று மாதமாக அவள் தாதரில் நின்றாள். தினமும் மாட்டுங்காவில் இறங்குகிற ஜம்புநாதனால், அடுத்த ஸ்டேஷனில் நிற்கிறவளிடம் போய்ச் சேர முடியவில்லை.

இன்று நோட்டையே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில்.

கரீம் பாட்சா எழுந்து இடம் விட்டார்.

“அந்தப் பொண்ணு இன்னமும் தாதர்லதான் நிக்கிதா, சாமி?”

தினமும் கேட்கிற கேள்விதான். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். ஜம்புநாதன் வாய்விட்டு வாசித்துக் காட்டிய முதல் எட்டு அத்தியாயத்திலேயே பேராச்சி அவர் வீட்டு மனுஷியாகிவிட்டாள்.

“பாய், நாளைலேர்ந்து எனக்காக இடம் பிடிக்க வேண்டாம். எழுதறதை விட்டுட்டேன்.”

கரீம் பாட்சா கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டார். முகம் கொஞ்சம் வாடியது.

“எழுதாட்டி தூங்கிட்டுப் போங்க. இடம் இருக்கும்.”

சொல்லிவிட்டு, முண்டியடித்து ஏறுகிற கூட்டத்துக்கு எதிராக வாசல் பக்கம் போனார்.

முன்பெல்லாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போவார்கள். போன வருஷம் ஒருநாள், ‘உட்கார்ந்தா முட்டி பிடிக்குது, காத்தாட வாசல்ல நின்னுக்கிறேன்’ என்றார். அன்றிலிருந்து இடத்தைக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

பாவம், வேலை பார்க்கிற பைகுல்லா வரைக்கும் நின்றுகொண்டே போகிறாரே என்று ஜம்புநாதனுக்கு எப்போதாவது உறுத்தும். பேனாவைத் திறந்தால் மறந்துவிடும்.

இன்று திறக்க வேலை இல்லை. தலை சும்மா இருந்தது. வண்டி குலுங்கி நகரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

பிளாட்பாரத்தில் கரீம் பாட்சா நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் டிபன், அக்குளில் குடை. வண்டியைத் தவறவிட்ட மனிதரின் அவசரம் எதுவும் அந்த நடையில் இல்லை.

ஜம்புநாதன் பதறிப்போய், பாய் வண்டியை விட்டுவிட்டார் என்று எதிரே இருந்த கணேசபாண்டியனிடம் சொன்னார். அவரும் தாக்குர்லிதான். கரீம் பாட்சாவோடு சேர்ந்து ஏறி வருகிறவர்.

“விடலியே. அவுக வேலை அம்பர்நாத்துக்கு மாறி வருசத்துக்கு மேல ஆச்சுல்லா. ஷிப்டு பத்து மணிக்குத்தான். உங்களுக்கு இடம் பிடிக்கத்தான் இம்புட்டு வெள்ளன வாராக.”

அம்பர்நாத் இருப்பது கல்யாணைத் தாண்டி, மறுபக்கம்.

ஜம்புநாதன் எண்ணிப் பார்த்தார். பதினான்கு மாதம், பத்து அத்தியாயம். பாய் வாசலில் நிற்கிறாரா என்று ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

சட்டைப் பையில் பேனா இருந்தது. அதை மட்டும் ஏனோ வீட்டில் வைக்க மறந்திருந்தார். டிபன் டப்பாவைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, ஓரத்து வெள்ளையைத் தேடினார்.

தாக்குர்லி வருவதற்குள் முதல் வரி விழுந்துவிட்டது.

‘அந்த ஸ்டேஷனில் எந்த வேலையும் இல்லாத ஒரு மனிதர், பேராச்சியின் பக்கத்தில் வந்து, எங்கேம்மா போகணும் என்று கேட்டார்.’