நாக்கைக் கட்டத் தெரியாதவர்

"மீசையில என்ன சார் ஒட்டியிருக்கு?"

ஊசி போட வந்த நர்ஸ் கேட்டதும், அந்த ரிட்டயர்டு லாரி டிரைவர் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டே ரெண்டு கிரீம் பிஸ்கட்டும்மா. பசி தாங்கலை."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெறும் வயித்தோட இருங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னோமே! இந்த மருந்தும் ஒரு மாதிரி சர்க்கரைதான் சார். கெட்ட கட்டியா இருந்தா அதை இழுத்துக்கிட்டு ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும். சாதாக் கட்டி பேசாம கிடக்கும். நீங்க இனிப்பைத் தின்னுட்டு வந்தா எல்லாம் குழம்பிப் போயிடும். இனி அடுத்த வாரம்தான்."

பக்கத்தில் நின்ற மனைவிக்கு வந்ததே கோபம்!

"நுரையீரல்ல ஏதோ புள்ளின்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை. இவருக்கு அதைவிடத் தீனி முக்கியம்! இந்த வயசுலயும் நாக்கைக் கட்டத் தெரியலையே!"

ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு அந்தம்மா என்ன பாடு படுதோ" என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நர்ஸுக்கு வேறு கவலை. மருந்தை எடுத்துவைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் வீரியம் போய்விடும்.

அவள் பார்வை மூலையில் இருந்த இளம்பெண் மேல் விழுந்தது. மருந்து குறைவாக வந்திருக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று காலையில் அவளைத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "நாளைக்கு ஆபரேஷன் மேடம். கட்டி எப்படிப்பட்டதுன்னு தெரியாம கை வைக்க மாட்டேன்னு சர்ஜன் சொல்லிட்டார்" என்று அழுதவள், போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடலையே? உள்ளே வாங்க."

அவள் எழுந்தாள். டிரைவரைப் பார்த்துத் தயங்கினாள். "அப்போ சாருக்கு?"

"அவர் கிடக்கார், விடும்மா! திங்கும்போது தெரியலையா? நீ போ" என்று நர்ஸை முந்திக்கொண்டு சொன்னாள் மனைவி.

கணவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டிவந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டமில்லை.

"நம்ம விஷயம் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்றார் மெல்ல.

"ஆகட்டும். ரெண்டு பேரும் சேர்ந்தே முழிச்சிருப்போம்."

"அது சரி, அத்தனை பேர் முன்னாடி இப்படியா திட்டுவே? பாதியில எனக்கே என் மேல கோபம் வந்துடுச்சு."

"நாம விட்டுக்கொடுக்கறோம்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு ஊசி போட்டுக்குமா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "நல்லவேளை, அந்த பிஸ்கட்டை வாங்கிட்டு வந்து உங்க வாயில போட்டதே நான்தான்னு யாரும் பார்க்கலை!"