பாம்புக்கு எடுத்து வைத்தது

"பிரிஜுக்குள்ள எலியா?"

ரஸீன் போட்ட சத்தத்துக்கு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் போன பஸ்கூட ஒருதரம் பிரேக் பிடித்திருக்கும்.

"மெதுவாப் பேசுங்க. செத்த எலிதான்," என்றாள் பர்ஹானா.

நல்ல சமாதானம்!

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு யுகேஷ் மாநகர சபையில் கிளார்க். அடிபட்ட மலைப்பாம்புக் குட்டி ஒன்றை, வனசீவராசி அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்கிறான். அதற்குத் தீனி வேண்டாமா? பின்னறையில் பிளாஸ்டிக் பேசின்களில் மரத்தூள் பரப்பி, வெள்ளை எலி வளர்க்கிறான். வளர்ந்ததை ஐஸில் போட்டு வைத்து, வேண்டியபோது எடுத்துக் கொடுப்பான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் அவனுடைய பிரிஜ் புகைந்து போனது. "எங்கட பிரிஜ்ல வைங்க தம்பி" என்று பர்ஹானாதான் வலியப் போய் வாங்கி வந்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. இன்றைக்கு யுகேஷ் வந்து பேக்கைத் திருப்பிக் கேட்டதும் குட்டு உடைந்துவிட்டது.

"குர்பான் இறைச்சி வைக்கிற இடத்துல! ஒனக்கு அறிவு ஈக்கா?"

"மூணு பேக் சுத்தித்தான் வெச்ச. மகள்ட தொட்டிலுக்குக் கீழ கெடந்த நாகத்தைப் பிடிச்சது யாரு? இந்தத் தம்பிதானே? நீங்க அன்டைக்கு மேசைக்கு மேல ஏறி நின்டீங்க!"

மேசைக் கதை வந்ததும் ரஸீனின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சண்டை வேணாம் நானா," என்றான் யுகேஷ். "பேக்கைத் தந்தாப் போயிருவேன். பாம்பு இப்பத்தான் வாய் தொறந்து திங்க ஆரம்பிச்சிருக்கு. வீட்டுல மிச்சம் இருக்கிறதெல்லாம் முடி மொளைக்காத குஞ்சுங்க. இதை விட்டா அதுக்கு வேற சாப்பாடு இல்ல."

பர்ஹானா பிரிஜைத் திறந்தாள். இரண்டு கறுப்புப் பேக் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். இறைச்சி.

"இது றம்லத் ராத்தாக்கு எடுத்து வெச்ச பங்காச்சே! அப்ப முந்தாநாள் அவங்களுக்கு நீங்க எதைக் கொண்டு போய்க் குடுத்தீங்க?"

ரஸீன் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

றம்லத் ராத்தா அடுத்த தெருவில் தனியாக இருப்பவர். சின்னப் பைகளில் சர்பத்தை உறையவைத்து, பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் விற்றுக் காலம் தள்ளுகிறார். பெருநாளுக்குக் கெலிஓயாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால், அறுத்துப் பங்கிட்ட குர்பான் இறைச்சியில் அவருடைய பங்கை மட்டும் பிரிஜில் வைத்திருந்தார்கள்.

"நேத்து அவங்க போன் கோல் எடுத்தாங்க," என்றான். "நல்லா இருந்திச்சு தம்பி, உங்களுக்குக் கையேந்தி துஆ செஞ்சேன்னு சொன்னாங்க."

"யா அல்லாஹ்! ஆக்கித் தின்டுட்டாங்களா?"

"வால் தெரியுமே அக்கா..." என்று இழுத்தான் யுகேஷ்.

"நீ வாயை மூடு!" என்று பாய்ந்தான் ரஸீன். "குர்பான்னு சொல்லி எலியைக் குடுத்தவன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நான் எந்த முகத்தோட பள்ளிக்குத் தொழப் போற?"

மூன்று பேரும் ஓடாத குறையாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"வாங்க, வாங்க! பிளேன்டி ஊத்தவா?" வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றார் ராத்தா.

"ராத்தா, அந்த இறைச்சி... அது வந்து..."

"அதுவா?"

உள்ளே போனவர் கறுப்புப் பேக்கோடு திரும்பி வந்து, நேரே யுகேஷின் கையில் கொடுத்தார்.

"எண்ணிப் பாருங்க மகன், பத்தும் ஈக்கு. இந்தப் பக்கத்துல வெள்ளெலி வளக்கிறது வேற யாரு? ஒங்கட பாம்புட சாப்பாடுன்னு பாத்ததும் விளங்கிட்டு. உருகிட்டா அந்த ஜீவன் பட்டினியாப் போயிடுமே. அதான் ஐஸ் பக்கட் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு இதை வெச்சேன். கொண்டு வந்து தர முழங்கால் விடல்ல."

"அப்ப ரெண்டு நாளா யாவாரம்?" என்றாள் பர்ஹானா.

"அது கெடக்கு. பாம்பையும் அல்லாஹ்தானே படைச்சான்."

யுகேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா, ரொம்ப நன்றி" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

ரஸீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! ஆனா ராத்தா, கோல்ல ஏன் உண்மையைச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க பர்ஹானாவை ஏசுவீங்களே."

பர்ஹானா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் காலண்டரைப் பார்த்தான்.

"என்னையும் நெனச்சு, வீடு தேடி வந்து தந்தீங்களே தம்பி. பேக் மாறினா என்ன? அந்த நெனப்புக்குத்தான் நான் துஆ செஞ்சேன்."

ரஸீன் கொண்டு வந்திருந்த பேக்கை நீட்டினான். "இந்தாங்க, இதுதான் உங்கட பங்கு. மன்னிச்சுக்கங்க. இருந்தாலும் ராத்தா, எலியைப் பாத்த பொறகும் 'நல்லா இருந்திச்சு'ன்னு சொல்ல உங்களுக்கு எப்படித்தான் வாய் வந்திச்சோ!"

ராத்தா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, கள்ளம் கபடம் இல்லாமல் சிரித்தார்.

"அது பழகிப் போச்சு தம்பி. போன வருஷம் நீங்க தந்த பேக்ல வெறும் எலும்பும் கொழுப்பும்தானே ஈந்திச்சு? அப்பவும் நல்லா இருந்திச்சுன்னுதானே சொன்னேன்."