கவர்மென்ட் மாப்பிள்ளை

ஹரோ நகரில் இருந்த பரமேஸ்வரனின் வீட்டுக்கு வந்த கலியாணத் தரகர் செல்வரத்தினம், தேத்தண்ணியைத் தொடாமலே பேச்சைத் தொடங்கினார்.

"அண்ணை, அமெரிக்காவில ஒரு பெடியன். வருசாவருசம் அந்த நாட்டு அரசாங்கமே காசு குடுக்குது. பத்து வருசத்துக்கு ஒப்பந்தம்."

"என்ன டிப்பார்ட்மென்ட்?"

"விவசாயம்."

பரமேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன வருடம் இதே தரகர், கன்சாசில் கோதுமை விதைக்கும் ஒருவரைப் பற்றிப் போனில் சொன்னபோது, பெயரைக்கூடக் கேட்காமல், "மண் கிண்டுறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது" என்று போனை வைத்தவர் அவர். மகள் சிவமலருக்கு அதற்குள் முப்பதாகிவிட்டது.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் எண்டு சும்மாவே சொன்னவை? அரசாங்க உத்தியோகமெல்லோ! ஷிப்ட் கிப்ட் இருக்கோ?"

"இல்லை. வீட்டிலயே இருக்கலாம்."

"அப்ப பெரிய ஒபிசராத்தான் இருக்கவேணும். என்ன வேலை?"

தரகர் இப்போதுதான் தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"வேலை எண்டு ஒண்டுமில்லை அண்ணை. அங்க கோதுமை கூடிப்போச்சாம். காணியைத் தரிசாப் போட்டால் அரசாங்கம் காசு குடுக்குது. போன வருசம் நீங்கள் வேண்டாமெண்ட அதே பெடியன்தான்."

பரமேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"இனி விதைக்க மாட்டார்தானே?"

"விதைச்சால் காசை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

அவர் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தவமலர், பிள்ளையின்ர சாதகக் குறிப்பை எடு. பெடியன் திருந்தீட்டான்."