பத்தாவது கோடு

"நாளையில இருந்து இவள் வரமாட்டாள், ரீச்சர்," என்றார் தில்லைநாதன், சைக்கிளை வாசலில் பிடித்தபடியே.

அவருடைய மகள் யதுர்ஷிகா வகுப்பு வாங்கிலிருந்து எழும்பவில்லை.

காரணம் ஒட்டுசுட்டானில் எல்லோருக்கும் தெரியும். போன கிழமை கனடா மாப்பிள்ளையின் படம் வந்திருந்தது. யதுர்ஷிகா அதைப் பார்க்காமலே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாளாம்.

பூட்டியதற்கான காரணம் பின்வாங்கில் இருந்தது. பிரதீபன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய ராக்காயியின் மகன். தில்லைநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்து நீர்ப்பாசனக் காணிக்கு வந்தவர். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வாய்க்கால்தான். அதைத் தாண்டி ஒரு தேத்தண்ணி குடிக்கவும் அவர் போனதில்லை.

எங்கள் கணினி வகுப்புக் கொட்டிலின் கூரைக்குக் கிடுகு தந்தவரும் அவர்தான். நேரே மறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் இருங்கோ ஐயா. தொடங்கின பாடம் முடியட்டும். நீங்களே ஒரு கடிதம் போடுங்கோ. பிள்ளை என்ன படிக்கிறாள் எண்டு பாருங்கோவன்."

அன்று மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஜெனரேட்டர் இல்லையென்றால் எங்களிடமிருந்த ஒரே கணினியும் வெறும் பெட்டிதான். அதனால் பிள்ளைகளையே ரவுட்டர்களாக்கி இருத்தியிருந்தேன். ரவுட்டர் என்பது வந்த தகவலை வாங்கி, அடுத்து யாரிடம் கொடுப்பதென்று முடிவெடுக்கிற பெட்டி. நானே அதைப் புத்தகத்தில் படமாகத்தான் கண்டிருக்கிறேன்.

"இல்லாத பெட்டிக்கு ஒரு படிப்பு," என்றார் தில்லைநாதன். ஆனாலும் என் கதிரையில் இருந்தார்.

அவருக்கு விளக்கினேன். ஒவ்வொருவர் கொப்பியிலும் அவரவர் கையால் எழுதிய பாதைகள் உண்டு. முரசுமோட்டை என்றால் இவரிடம், கிளிநொச்சி என்றால் அவரிடம். இவை நிலையான பாதைகள். கடைசி வரி மட்டும் வேறு. பட்டியலில் இல்லாத ஊர் எதுவானாலும் இன்னாரிடம் கொடு என்று சொல்லும். அது இயல்புப் பாதை. அதைப் பிடித்துப் போனால் பின்கதவு. பின்கதவுக்கு அப்பால் வெளியுலகம்.

பெண்கள் முன்வாங்கில், ஆண்கள் பின்வாங்கில். முன்வாங்கின் தொங்கலில் யதுர்ஷிகா. அவளுக்கு நேர் பின்னால் பிரதீபன். இரண்டு வாங்கையும் இணைப்பது அந்த ஒரு இடம்தான். பிரதீபனுக்கு அடுத்தது அஜந்தன், அஜந்தனுக்கு அடுத்தது கதவு.

இன்னொரு சட்டமும் இருந்தது. கடிதத் துண்டு வந்து சேரும் ஒவ்வொரு கையும் அதில் ஒரு கோடு போடவேண்டும். பத்தாவது கோடு போடுகிறவர் துண்டைக் கிழித்து, அது போய்ச் சேரவில்லையென்று அனுப்பியவரிடம் சொல்லவேண்டும். இல்லையென்றால் வழிதவறிய தகவல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தில்லைநாதன் மகளைப் பார்த்துக்கொண்டே ஒரு துண்டில் பெயரும் ஊரும் எழுதினார். மடித்துத் தந்தார்.

முதல் கை கமலாசனி. பிரித்தவளுக்குக் கண் விரிந்தது. கோடு போட்டு யதுர்ஷிகாவிடம் கொடுத்தாள்.

யதுர்ஷிகா வாசித்தாள். கோடு போட்டாள். திரும்பிப் பிரதீபனிடம் நீட்டினாள்.

பிரதீபன் வாசித்தான். ஒரு வரியை அவ்வளவு நேரம் வாசிக்கலாமென்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் அஜந்தன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

பிரதீபன் கோடு போட்டு, துண்டை யதுர்ஷிகாவிடமே திருப்பிக் கொடுத்தான்.

அவள் அவனிடம். அவன் மறுபடி அவளிடம்.

"டேய், எனக்கும் ஒருக்காத் தாவனடா!" என்றான் அஜந்தன். வகுப்பே சிரித்தது.

தில்லைநாதன் சிரிக்கவில்லை. "என்ன விளையாட்டு இது?"

"ஆரோ கடைசி வரியைப் பிழையா எழுதிப்போட்டினம், ஐயா. அதுதான் ரெண்டு பேருக்குள்ளயே சுத்துது."

"அப்ப மாத்து, யது."

"என்ர சரியப்பா." அவள் குரல் உயரவில்லை. "நான் குடுக்கவேண்டிய ஆளுக்குத்தான் குடுக்கிறன்."

சிரிப்பு நின்றுபோயிற்று.

அவர் பின்வாங்கைப் பார்த்தார். "நீ மாத்தடா."

பிரதீபன் அவர் முகத்தைப் பார்த்தபடியே ஏழாவது கோட்டைப் போட்டான்.

எட்டு.

ஒன்பது.

பத்தாவது கோடு யதுர்ஷிகாவின் கையில் விழுந்தது.

அவள் எழும்பினாள். துண்டை நடுவால் கிழித்தாள். தகப்பனுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு பாதிகளையும் மேசையில் வைத்தாள்.

"நீங்கள் அனுப்பினது போய்ச் சேரேல்லை, அப்பா."

நான் சொல்லிக்கொடுத்த வசனம்தான். அப்படி நிமிர்ந்து நின்று சொல்ல நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தில்லைநாதன் அந்தப் பாதிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பிப் போய்ச் சைக்கிளை எடுத்தார். நாளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகளையும் கூப்பிடவில்லை.

எல்லோரும் போன பிறகு பாதிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

சிவராசா, ரொறன்ரோ, கனடா.

அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்த படத்துக்கு அதுதான் பெயர்.

பிழை திருத்தச் சிவப்புப் பேனையோடு பிரதீபனின் கொப்பியைத் திறந்தேன். கடைசி வரிக்குப் போனேன். வெட்டு இல்லை, திருத்தம் இல்லை.

'பட்டியலில் இல்லாத ஊர் எதுவானாலும்: அஜந்தனிடம்.'

பத்துக்குப் பத்து என்று போட்டுக் கொப்பியை மூடினேன்.