மேஜை மேல் ஓர் ஆறு

வீரராகவன் முட்டி போட்டு, கன்னத்தை மேஜை விளிம்பில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டான்.

குன்றின் மேல் நிற்கும் வில்லாளிக்கு ஆற்றில் வரும் படகு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அம்பு விடலாம். தெரியாவிட்டால் ஆட்டம் எதிராளி கைக்குப் போய்விடும். கட்டைவிரல் உயரப் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் இந்தப் போரில் அதுதான் சட்டம். பொம்மையின் கண் உயரத்துக்கு மனிதன் குனிந்தாக வேண்டும்.

எதிராளி ரங்கராஜன் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். மேஜை மேலிருந்த பொம்மை மரங்களுக்கு நடுவே அவன் சட்டையின் இரண்டு பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை. வங்காளத்தில், பாலிகஞ்ச் பகுதியில் வீரராகவன் தனியாக இருக்கும் வாடகை வீடு. எட்டு மாத உழைப்புக்குப் பிறகு அந்த மேஜையில் நடக்கும் முதல் சண்டை.

அதைப் பார்த்தால் சண்டை போட மனம் வராது, குடியேறத்தான் தோன்றும்.

மண் எல்லாம் காப்பிச் சக்கை, வெயிலில் காயவைத்துச் சலித்தது. இலைகள் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டியவை. நாணலுக்காக கரியாஹாட் நடைபாதையில் ஒன்பது துடைப்பங்களைப் புரட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் வாங்கி, கடைக்காரியிடம் வங்காளியில் வசவும் வாங்கியிருந்தான். ஆற்றுக்கு மட்டும் ஒரு மாதம் பிடித்தது. வார்னிஷை ஒரு பூச்சு பூசுவான். தூசி விழுந்துவிடக் கூடாதென்று, அது காயும்வரை மின்விசிறியைக்கூடப் போடாமல் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு அடுத்த பூச்சு.

அதற்கு முன்பெல்லாம் நாலு புத்தகத்தை அடுக்கி மேலே பச்சைத் துண்டைப் போட்டால் அதுதான் குன்று. வீரராகவனுக்கு அதுவே போதும். இடம் அழகாக இருந்தால்தான் சண்டை சண்டையாக இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தவன் ரங்கராஜன்.

"பச்சைத் துண்டுக்காக எவனாவது உயிரை விடுவானாடா?" என்று கேட்டவனும் அவனே.

கையோடு, ஊர் மாறுதல் பற்றி இன்னொன்றும் சொன்னான்.

இருவருக்கும் கார்டன் ரீச்சில் ஒரே ஆபீஸ். இருவர் குடும்பமும் சென்னையில். இங்கே வீரராகவன் தானே பொங்கித் தின்கிறான். அங்கே சாவித்திரி தனி ஆளாக மகள் அனன்யாவை வளர்க்கிறாள். சென்னைக்கு மாறுதல் கேட்டவர்களின் பட்டியலில் அவன் பெயர் முதலாவது, ரங்கராஜன் பெயர் இரண்டாவது.

மேஜையை ஆரம்பித்துவிட்டு நடுவில் போவதாவது, இரண்டு வருஷம் ஆசை தீர ஆடிவிட்டு இருவரும் சேர்ந்தே போகலாம் என்றான் ரங்கராஜன். வீரராகவனும் மயங்கினான். நாற்பது வயதில் ஒருவனுக்கு இப்படியொரு சிநேகிதன் வாய்ப்பது லேசா என்ன. மாறுதல் வேண்டாம் என்று ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். இரண்டையும் நானே கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிப் போனவன் ரங்கராஜன்.

"வீரா," என்றது பொத்தான்களுக்கு மேலிருந்து குரல். "எனக்கு மெட்ராஸ் ஆர்டர் வந்துடுத்து. வெள்ளிக்கிழமை கெளம்பறேன்."

வீரராகவன் மூடிய ஒற்றைக் கண்ணைத் திறக்கவில்லை.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு ஆர்டர் எப்படி வரும்? கொடுத்திருந்தால்தானே.

அப்புறம்தான் எல்லாம் விளங்கியது. போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு கடிதம். முதல் ஆள் விலகினான், இரண்டாம் ஆள் முதல் ஆளானான்.

கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்கள். இவன் குழியை வெட்டியதோடு விடவில்லை. அதன் மேல் புல்லும் நாணலும் நடவைத்திருக்கிறான், அதையும் விழப்போகிறவன் கையாலேயே. முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், குனிந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்கிறான்.

எழுந்தான். முட்டி இரண்டும் வலித்தன.

"என் லெட்டரை மட்டும் குடுத்திருக்கே, இல்ல?"

"உனக்கு இங்க இந்த மேஜை இருக்கு. எனக்கு என்னடா இருக்கு?" என்றான் ரங்கராஜன். அவன் பார்வை குன்றிலேயே இருந்தது.

மேஜையை அப்படியே கவிழ்த்துவிட வேண்டும் போலிருந்தது. விளிம்பின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் ஆறு பளபளத்தது. அதைப் பார்த்ததும் கை எழவில்லை. தன் மேலேயே வந்த கோபம் இன்னும் பெரிதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. சாவித்திரி. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரையும் சேர்த்துத் தட்டியதில், அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏன்னா, ரங்கராஜன் ஆத்துக்காரி மைதிலி இப்பத்தான் போன் பண்ணினா. அவருக்கு ஆர்டர் வந்துடுத்தாமே. லிஸ்ட்ல நீங்கதானே முதல்ல இருக்கேள்? எட்டு மாசமா நகரவே இல்ல, நகரவே இல்லன்னு சொல்லிண்டிருக்கேள். அனன்யாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

வீரராகவன் ரங்கராஜனைப் பார்த்தான். இப்போதுதான் முதல் தடவையாக அவனும் நிமிர்ந்து பார்த்தான்.

"லிஸ்ட்ல ஏதோ குளறுபடி, சாவித்திரி. நாளைக்கு ஆபீஸ்ல போய்க் கேக்கறேன்," என்றான் வீரராகவன்.

வேண்டாமென்று தானே எழுதிக் கொடுத்ததை அவளிடம் அவன் சொன்னதே இல்லை. அது பொய் என்று தெரிந்த இன்னொருவன் அந்த அறையில் இருந்தான். இந்த எட்டு மாதமும் இருந்தது போலவே, அவன் வாயைத் திறக்கவில்லை.