மூன்றாவது கோட்டு

“முதல் கோட்டு காயாம அடுத்தது அடிச்சா கொப்பளிச்சிடும். இன்னும் கொஞ்சம் காயட்டுமே” என்கிறார் அவர். முப்பது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்து நுரையீரலைப் பாழாக்கிக்கொண்டவர். கொரோனாவுக்கான மூன்றாவது ஊசிக்கும் அதே கணக்குத்தான்.

“ரெண்டாவது போட்டு ஒன்றரை வருஷமாச்சு. காஞ்சு உரிஞ்சே போச்சு!” என்கிறாள் மனைவி. “நுரையீரலுக்கு ஆரம்பிக்கப்போற புது மாத்திரைக்கு ரெண்டு வாரம் முந்தியே ஊசி போட்டுடணும், அப்புறம் போட்டா உடம்புல சரியாப் பிடிக்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. இன்னிக்குத்தான் கடைசி.” ஊசி போடும் இடத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். ஜன்னல் வெயில் கட்டில் காலைத் தாண்டிச் சரிகிறது. ஆக்சிஜன் இயந்திரம் அவருக்கும் சேர்த்துப் பெருமூச்சு விடுகிறது. ஆஸ்பத்திரிச் சலவை வேலையில் விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன தன் விரல்களை அவள் பார்க்கிறாள். இந்தக் கைகளே ஒரு நாள் நோயை வீட்டுக்குள் கூட்டிவந்துவிடுமோ?

“அண்ணனும் ரெண்டு ஊசி போட்டவன்தான். அப்படியும் கொரோனாவுல போய்ச் சேந்துட்டானே” என்கிறார், சுவரைப் பார்த்தபடி.

அவள் அவருடைய சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டுகிறாள். தோள்வரை எலும்புதான் தட்டுப்படுகிறது.

“எனக்காக இந்த ஒரு தடவை கிளம்புங்களேன்.”